சேவை எழவில்லையா? லினக்ஸ் பின்னணிச் சேவைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

சில சிறு கடைகள், ஓர் அச்சகம், இரண்டு பயிற்சி மையங்கள். இவற்றின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். "பெட்டி ஓடுகிறது, ஆனால் பில் போட முடியவில்லை" என்று வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே கதைதான்: பின்னணியில் ஓட வேண்டிய ஏதோ ஒரு சேவை படுத்திருக்கும். ஒரே கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு ஒரு குறிப்பேடு சேர்ந்துவிட்டது. அதைத்தான் இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வேன். பெரும்பாலானவற்றுக்கு முன்னால் சுடோ, அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் கட்டளை, தேவைப்படும்.

ஒரே ஒரு வேண்டுகோள். விழுந்த சேவையைப் பத்து முறை திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் பதிவேட்டில் இருபது வரி சேர்த்து, உண்மையான முதல் பிழையை மேலே தள்ளிவிடும்.

## எதையும் தொடும் முன்: ஒன்றாம் எண் யார்?

கேட் /பிராக்/1/காம்

காம் என்பதில் எம் எழுத்து இரண்டு முறை வரும். பெட்டி எழும்போது முதலில் ஓடி மற்றச் சேவைகளை எழுப்பும் செயல்முறைக்குத்தான் எண் 1; அதன் பெயரை இந்தக் கட்டளை சொல்லும். அந்தப் பதிலைப் பொறுத்து உங்கள் பாதை பிரியும்.

சிஸ்டம்டி என்று வந்தால்: இன்றைய டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் இதுவே வழக்கம். நிலை பார்க்க சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சேவைப்பெயர். பதிவேடு பார்க்க ஜர்னல்சிடிஎல் --யூனிட்=சேவைப்பெயர் --பூட்.

ரன்இட் என்று வந்தால்: அநேகமாக வாய்ட் லினக்ஸ். நிலை பார்க்க எஸ்வி ஸ்டேட்டஸ் சேவைப்பெயர்.

இனிட் என்று மட்டும் வந்தால்: இன்னொரு கேள்வி பாக்கி. ஆர்சி-ஸ்டேட்டஸ் என்று தட்டுங்கள். பட்டியல் வந்தால் ஓப்பன்ஆர்சி. ஆல்பைன், ஜென்டூ பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றால் பழைய சிஸ்வி முறையாக இருக்கலாம், /ஈடிசி/இனிட்.டி அடைவுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள்தான் சேவைகள்.

பேஷ், நோட், பைத்தான் என்று ஏதாவது வந்தால்: நீங்கள் கண்டெய்னருக்குள், அதாவது பெட்டிக்குள் தனியாக அடைத்துவைத்த ஒரு சூழலுக்குள், இருக்கிறீர்கள். அடுத்த பகுதியைப் பாருங்கள்.

டெபியன் 8-உம் உபுண்டு 15.04-உம் 2015-இல் சிஸ்டம்டிக்கு மாறின. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்கள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. அவற்றில் உள்ள சர்வீஸ் கட்டளை இன்றும் வேலை செய்யும், சிஸ்டம்டியிடம் கைமாற்றிவிடும். ஆனால் அந்தப் பாடங்களில் சொல்லும் கோப்புகளைத் திருத்தினால் ஒன்றும் நடக்காது.

## அறிகுறி: கட்டளையே மறுக்கிறது

"சிஸ்டம்டி கொண்டு இந்தப் பெட்டி தொடங்கப்படவில்லை" என்ற பொருளில் செய்தி வருகிறது. டாக்கர் கண்டெய்னரில் இது இயல்பு. அங்கே சிஸ்டம்டியைத் திணிக்கப் போராடாதீர்கள். நிரலை நேரடியாக முன்னணியில் ஓடவிடுங்கள், --ரீஸ்டார்ட் விருப்பம் கொடுத்திருந்தால், கண்டெய்னர் விழுந்தால் திரும்ப எழுப்பும் வேலையை டாக்கர் பார்த்துக்கொள்ளும். விண்டோசுக்குள் ஓடும் லினக்ஸ் என்றால் /ஈடிசி/டபிள்யுஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் பூட் பகுதியின் கீழ் சிஸ்டம்டி=ட்ரூ என்று எழுதி, விண்டோஸ் பக்கத்திலிருந்து டபிள்யுஎஸ்எல் --ஷட்டவுன் கொடுத்துத் திரும்பத் திறங்கள்.

அப்படி ஒரு யூனிட், அதாவது சேவையை விவரிக்கும் கோப்பு, இல்லை என்கிறது. முதலில் பெயரைச் சரிபாருங்கள். டெபியன் வழிவந்தவற்றில் அப்பாச்சி2 என்பது ஃபெடோரா குடும்பத்தில் ஹெச்டிடிபிடி. அங்கே கிரான் என்றால் இங்கே கிரான்டி. பெயர் சரி, கோப்பை நீங்களே எழுதினீர்கள் என்றால், அது .சர்வீஸ் என்று முடிகிறதா எனப் பாருங்கள். பிறகு, யூனிட் கோப்புகளை மீண்டும் படிக்கச் சொல்ல, சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்.

மாஸ்க் செய்யப்பட்டிருக்கிறது என்கிறது. யாரோ வேண்டுமென்றே பூட்டிவைத்திருக்கிறார்கள். சிஸ்டம்சிடிஎல் அன்மாஸ்க் என்றால் திறந்துவிடும். ஆனால் பூட்டியவர் யார், ஏன் என்று கேட்ட பிறகு திறங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சேவைகளில் ஒன்றை அப்படிப் பூட்டிவைத்திருப்பார்கள். திறந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

## அறிகுறி: தொடங்கியவுடன் விழுகிறது

என் குறிப்பேட்டில் பாதிப் பக்கங்கள் இதற்குத்தான். சிஸ்டம்டியில் ஸ்டேட்டஸ் கட்டளை தரும் பதிலில் "ஸ்டேட்டஸ்=" என்று ஓர் எண் இருக்கும். பலர் அதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள். எண்ணைப் படியுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

### 203 என்றால்

நிரலை ஓட்டவே முடியவில்லை என்று பொருள். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

யூனிட் கோப்பில், ஓட்ட வேண்டிய நிரலைச் சொல்லும் எக்ஸிக்ஸ்டார்ட் வரியில் (இத்தகைய வரிப்பெயர்களில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்) உள்ள பாதையில் கோப்பு இருக்கிறதா? எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். இருந்தால், இயக்கும் அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் சிஹெச்மோட் +எக்ஸ்.

இரண்டும் சரி, இன்னும் 203 என்றால் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பாருங்கள். அதில் சொல்லியிருக்கும் மொழிபெயர்ப்பி, அதாவது பேஷ் அல்லது பைத்தான், அந்தப் பாதையில் உண்மையில் இருக்கிறதா?

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத எதிரி. ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரிப்டை விண்டோஸ் கணினியில் திருத்தி அனுப்பியிருந்தார். கோப்பு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, முதல் வரியும் சரி. ஆனால் "அப்படிக் கோப்பு இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் விண்டோஸ் விட்டுவைத்த கூடுதல் எழுத்து. கேட் கட்டளையை -ஏ விருப்பத்தோடு, அந்த ஏ மட்டும் பெரிய எழுத்தாக, ஓட்டினால் வரி முடிவில் தொப்பிக் குறியும் எம் எழுத்தும் தெரியும். டாஸ்2யுனிக்ஸ் கட்டளை ஒரு நொடியில் சரிசெய்துவிடும். இப்போதெல்லாம் 203 என்றாலே அனுமதியைப் பார்த்த கையோடு இதையும் பார்த்துவிடுகிறேன்.

ஃபெடோரா, ரெட்ஹேட் குடும்பம் என்றால் இன்னும் ஒன்று: எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலர். நிரல் ஹோம் அடைவுக்குள் கிடந்தால் அது மறுக்கக்கூடும். நிரலை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவுக்கு நகலெடுத்து, ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள். எஸ்இலினக்சை அடியோடு அணைத்துவிடு என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுச் சாவி தொலைந்ததற்குக் கதவைப் பெயர்த்தெடுப்பதுபோல அது.

### 200 அல்லது 217 என்றால்

200 என்றால் ஒர்க்கிங்டைரக்டரியாகச் சொன்ன அடைவு இல்லை. அல்லது அது இருக்கும் வட்டு இன்னும் ஏற்றப்படவில்லை. 217 என்றால் யூசர்= வரியில் உள்ள பயனர் இந்தப் பெட்டியில் இல்லை. பழைய சர்வரிலிருந்து கோப்புகளை மட்டும் நகலெடுத்துவந்து பயனரை உருவாக்க மறந்தபோது இது வரும்.

### 1 அல்லது 2 போன்ற சிறு எண் என்றால்

பெரும்பாலும் நிரல் தானே மனமுடைந்து வெளியேறியிருக்கும். காரணத்தை அதுவே பதிவேட்டில் சொல்லியிருக்கும்.

அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை என்பதே அடிக்கடி வருவது. பல சேவைகளுக்குச் சோதனைக் கட்டளை உண்டு: என்ஜின்எக்சுக்கு என்ஜின்எக்ஸ் -டி, எஸ்எஸ்ஹெச்சுக்கு எஸ்எஸ்ஹெச்டி -டி, அப்பாச்சிக்கு அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட். முதல் இரண்டிலும் வரும் டி, ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து. தொலைவில் உள்ள பெட்டியில் எஸ்எஸ்ஹெச் அமைப்பைத் திருத்தினால் இந்தச் சோதனை இல்லாமல் மறுதொடக்கம் செய்யவே கூடாது.

"முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று பதிவேடு சொன்னால் வேறொரு நிரல் அந்த போர்ட்டில், அதாவது வலையமைப்பு வாசல் எண்ணில், உட்கார்ந்திருக்கிறது. எஸ்எஸ் -எல்டிஎன்பி (இங்கும் டி அதே இருபதாவது எழுத்து) ஓட்டினால் யார் என்று தெரியும். பல நேரங்களில், "சேவை வரவில்லையே" என்று யாரோ முனையத்தில் கையால் ஓட்டிவிட்டு மறந்துபோன அதே நிரலாகத்தான் இருக்கும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனர் கேட்டால் மறுப்பது லினக்சின் வழக்கம்; யூனிட் கோப்பில் அதற்கான திறனைக் கொடுங்கள், நிரலையே ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓட்டாதீர்கள்.

### கொல்லப்பட்டது, சிக்னல் 9 என்றால்

நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கலாம். டிமெஸ்ஜி ஓட்டி "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், செலவில்லாத வழியில் தொடங்குங்கள்: தேவையற்ற சேவைகளை நிறுத்துவது, தரவுத்தள மென்பொருளுக்கு ஒதுக்கிய நினைவக அளவைக் குறைப்பது, வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப் சேர்ப்பது. கடைசியாக ரேம் வாங்குவது. ஸ்வாப் சேர்த்தும் சில நாளுக்கு ஒருமுறை இதே மரணம் நிகழ்ந்தால் நிரலில் கசிவு இருக்கிறது. நிரலை எழுதியவரை அழைக்க வேண்டிய நேரம் அது.

### எண் எதுவும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் "டெட்" என்கிறது

நிரல் தன்னைத்தானே பின்னணிக்குத் தள்ளிக்கொண்டு முதல் செயல்முறையை முடித்துவிட்டது. டைப்=சிம்பிள் என்று நம்பியிருந்த சிஸ்டம்டி "வேலை முடிந்தது" என்று எண்ணி மிச்சத்தையும் துடைத்துவிட்டது. நிரலை முன்னணியிலேயே ஓடச்சொல்லும் விருப்பம் இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் டைப்=ஃபோர்க்கிங்.

இதற்கு நேர்மாறும் உண்டு. தொடங்கும்போது 90 நொடி தொங்கிக்கொண்டிருந்துவிட்டு நேரம் கடந்தது என்று விழுந்தால், முன்னணியில் ஓடும் நிரலுக்கு ஃபோர்க்கிங் என்று எழுதியிருப்பீர்கள். சிம்பிளாக மாற்றுங்கள்.

### "மிக விரைவாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்பட்டது" என்றால்

இது காரணமே அல்ல. வழக்கமான அமைப்பில் 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும், அவ்வளவுதான். பதிவேட்டில் மேலே போய் முதல் விழுகையைத் தேடுங்கள். சரிசெய்த பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட், பிறகு ஸ்டார்ட்.

### ரன்இட், ஓப்பன்ஆர்சி, சிஸ்வி பெட்டிகளில்

ரன்இட்டில் எஸ்வி ஸ்டேட்டசை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் செயல்முறை எண் மாறி, ஓடிய நேரம் 0 அல்லது 1 நொடி என்றே இருந்தால் சேவை விழுந்து விழுந்து எழுகிறது. சேவையைத் தொடங்கும் ஸ்கிரிப்டான ரன் கோப்பில் நிரல் பின்னணிக்குப் போகிறதா என்று பாருங்கள். ரன்இட்டுக்கு முன்னணியில் ஓடும் நிரல்தான் வேண்டும். அந்த வரிக்கு முன்னால் எக்ஸிக் என்ற சொல்லும் வேண்டும். எக்ஸிக்கை விட்டுவிட்டால் சேவை ஓடும், ஆனால் நிறுத்தும்போது ஷெல் மட்டும் செத்து நிரல் அநாதையாக உலவும். அடுத்த முறை போர்ட் கிடைக்காமல் போவது அதனால்தான்.

ஓப்பன்ஆர்சி "கிராஷ்ட்" என்று காட்டி, தொடங்கவும் மறுத்து நிறுத்தவும் மறுத்தால் ஆர்சி-சர்வீஸ் சேவைப்பெயர் ஜேப் (ஆங்கிலத்தின் கடைசி எழுத்தில் தொடங்கும்). அது எதையும் கொல்லாது, நிலைக்குறிப்பை மட்டும் அழிக்கும். ஆகவே பழைய செயல்முறை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடக்கச் செய்திகள் எங்கும் பதிவாகவில்லை என்றால் /ஈடிசி/ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஆர்சி_லாகர் வரியை இயக்குங்கள்.

சிஸ்வியில் மின்வெட்டுக்குப் பிறகு "ஏற்கெனவே ஓடுகிறது" என்று சொல்லிக்கொண்டு ஓடாமல் இருந்தால் பழைய பிஐடி கோப்பு எஞ்சியிருக்கும். அதில் உள்ள எண்ணுக்குரிய செயல்முறை வேறு எதுவோ என்றால் கோப்பை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

## அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓடவில்லை

"நான் ஓட்டினால் வருகிறதே!" என்ற வியப்பு எனக்குப் பழகிப்போன ஒன்று. நீங்கள் ஓட்டும்போது உங்கள் பேஷ்ஆர்சி, உங்கள் பாத் மாறி, உங்கள் ஹோம் அடைவு எல்லாம் கூடவே வருகின்றன. சேவைக்கு இவை எதுவும் கிடையாது. அந்த வறுமையை நீங்களும் அனுபவித்துப் பாருங்கள்: சுடோ -யு சேவைப்பயனர் என்வ் -ஐ, அதன்பின் நிரலின் முழுப்பாதை. இப்போது பெரும்பாலும் அதே பிழை உங்கள் கண்முன் வரும்.

விட்டுப்போன மாறிகளை என்விரான்மென்ட்ஃபைல் வழியாகக் கொடுங்கள். அந்தக் கோப்பில் எக்ஸ்போர்ட் என்ற சொல் கூடாது. எக்ஸிக்ஸ்டார்ட் வரி ஷெல் அல்ல. குழாய்க் குறி, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறி, ஹோமைக் குறிக்கும் அலைக்குறி எதுவும் அங்கே பலிக்காது. அவை வேண்டுமென்றால் தனி ஸ்கிரிப்டில் வையுங்கள்.

கோப்பு /டிஎம்பி அடைவில் இருக்கிறது, ஆனால் சேவை "இல்லை" என்கிறதா? யூனிட் கோப்பில் பிரைவேட்டிஎம்பி இயக்கத்தில் இருக்கும். சேவைக்கென்று தனி /டிஎம்பி. ஹோம் அடைவு தெரியவில்லை என்றால் புரொடெக்ட்ஹோம்.

## அறிகுறி: மாற்றம் எடுபடவில்லை

டீமன்-ரீலோட் செய்தீர்களா? பிறகு ரீஸ்டார்ட் செய்தீர்களா? இரண்டும் ஆனபின் சிஸ்டம்சிடிஎல் கேட் சேவைப்பெயர் ஓட்டுங்கள். சிஸ்டம்டி எந்தக் கோப்புகளைப் படிக்கிறது என்று பாதையோடு காட்டும். நீங்கள் ஒன்றைத் திருத்த, அது வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். /ஈடிசி-யில் இருப்பது /யூஎஸ்ஆர்-இல் இருப்பதை வெல்லும். /யூஎஸ்ஆர்-இல் உள்ளதைத் திருத்தினால் அடுத்த புதுப்பித்தலில் உங்கள் உழைப்பு காணாமல்போகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொண்டே திருத்துங்கள்.

அப்படித் திருத்தும்போது எக்ஸிக்ஸ்டார்ட் வரியை மாற்றுவதானால், முதலில் வெறும் எக்ஸிக்ஸ்டார்ட்= என்று ஒரு காலி வரி, அதற்குக் கீழே புதிய வரி. காலி வரி இல்லையென்றால் இரண்டு எக்ஸிக்ஸ்டார்ட் இருப்பதாகச் சொல்லிச் சேவையே ஏறாது.

## அறிகுறி: பெட்டியை மறுதொடக்கம் செய்தால் சேவை வருவதில்லை

தொடங்குவது வேறு, ஒவ்வொரு முறையும் தானே எழச் செய்வது வேறு. சிஸ்டம்டியில் சிஸ்டம்சிடிஎல் எனேபிள். ஓப்பன்ஆர்சியில் ஆர்சி-அப்டேட் ஆட் சேவைப்பெயர் டிஃபால்ட். டெபியன் வகை சிஸ்வியில் அப்டேட்-ஆர்சி.டி சேவைப்பெயர் டிஃபால்ட்ஸ். வாய்டில் /ஈடிசி/எஸ்வி-க்குள் உள்ள அடைவுக்கு /வார்/சர்வீஸ்-இல் ஓர் இணைப்பு; 5 நொடிக்குள் ரன்இட் தானே கண்டுகொள்ளும். ஸ்லாக்வேரில் /ஈடிசி/ஆர்சி.டி ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுத்தால் போதும், எனக்கு மிகப் பிடித்த எளிமை அது.

எனேபிள் செய்யும்போது "நிறுவல் அமைப்பு இல்லை" என்றால் யூனிட் கோப்பின் அடியில் இன்ஸ்டால் பகுதியும் அதில் வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட் வரியும் விடுபட்டிருக்கும்.

எனேபிள் ஆகியிருந்தும் பெட்டி எழும்போது விழுகிறது, பிறகு கையால் தொடங்கினால் எழுகிறது என்றால் வரிசைப் பிரச்சினை. வலையமைப்பு முகவரி கிடைக்கும் முன்பே சேவை அந்த முகவரியைக் கேட்டிருக்கும். நெட்வொர்க்.டார்கெட் என்பது முகவரி வந்துவிட்டது என்று பொருள்படாது, நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பதை வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டு வரிகளிலும் சேர்க்க வேண்டும். தரவு தனி வட்டில் இருந்தால் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் வரியில் அதன் பாதை. ரன்இட்டில் வரிசை என்ற கருத்தே கிடையாது. ரன் கோப்பின் தொடக்கத்தில் தேவையான சேவையை எஸ்வி செக் கொண்டு சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள். அது மீண்டும் மீண்டும் முயலும்.

பயனர் சேவை, அதாவது --யூசர் கொண்டு அமைத்தது, நீங்கள் வெளியேறியதும் நின்றுவிடுகிறதா? லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் பயனர்பெயர்.

## அறிகுறி: நிற்க மறுக்கிறது

பெட்டியை அணைக்கும்போது 1 நிமிடம் 30 நொடி எண்ணிக்கொண்டு திரை நின்றால், நயமாகச் சொன்னதைச் சேவை கேட்கவில்லை என்று பொருள். நேரம் முடிந்ததும் சிஸ்டம்டி பலவந்தமாகக் கொல்லும். டைம்அவுட்ஸ்டாப்செக் மதிப்பைக் குறைத்துவிடலாம்தான். ஆனால் அது தரவுத்தளம் என்றால் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். அது கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.

கில் -9 கொடுத்தும் சாகவில்லை என்றால் பிஎஸ் ஆக்ஸ் ஓட்டி நிலைப் பத்தியைப் பாருங்கள். அங்கே பெரிய எழுத்து டி, ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து, இருந்தால் செயல்முறை வட்டிடமிருந்தோ வலைவட்டிடமிருந்தோ பதிலுக்குக் காத்திருக்கிறது. வலைவட்டு என்றால் அந்தப் பக்கத்துச் சர்வரைச் சரிசெய்யுங்கள். உள்ளே இருக்கும் வட்டு என்றால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

## அறிகுறி: எல்லாச் சேவைகளும் ஒன்றாக விழுகின்றன

தனித்தனியாக எதையும் திருத்தாதீர்கள்.

டிஎஃப் -ஹெச் ஓட்டி வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்தால் டிஎஃப் -ஐ; சின்னஞ்சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு இடம், தீர்ந்திருக்கலாம். பதிவேடு வீங்கியிருந்தால் ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம், எம் பெரிய எழுத்து. பெரிய லாக் கோப்பை நீக்கியும் இடம் கூடவில்லை என்றால் ஏதோ ஒரு சேவை அதை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் விடுபடும்.

வட்டு "படிக்க மட்டும்" நிலைக்கு மாறியிருந்தால் டிமெஸ்ஜி பாருங்கள். உள்ளீடு-வெளியீட்டுப் பிழைகள் தெரிந்தால் கையை எடுங்கள். ஏற்றப்பட்ட வட்டில் எஃப்எஸ்சிகே என்ற வட்டுச் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டாதீர்கள், மறுதொடக்கம் செய்யாதீர்கள். படிக்க முடிகிற தரவை வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையில் 5 அல்லது 197 எண் வரியின் கடைசிப் பத்தியில் சுழியம் அல்லாத எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது. வேறு காப்புப்பிரதி இல்லை என்றால் தரவு மீட்பவரை இப்போதே அழையுங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் அவருடைய வேலையைக் கடினமாக்கும்.

பெட்டி எழும்போதே அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்டால், ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியலான /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் இப்போது இல்லாத வட்டுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிவட்டைக் கழற்றியவர் அந்த வரியை மறந்திருப்பார். கட்டாயமில்லாத வட்டுகளுக்கெல்லாம் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

## வல்லுநரை அழைக்கும்போது

என்னையோ வேறு யாரையோ அழைக்கும் முன் நான்கு வெளியீடுகளைக் கோப்பாகச் சேமித்து வையுங்கள்: ஒன்றாம் எண் செயல்முறையின் பெயர், சேவையின் நிலை, பெட்டி எழுந்ததிலிருந்து அந்தச் சேவையின் முழுப் பதிவேடு, டிஎஃப் -ஹெச். கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். "ஒன்றும் மாற்றவில்லை" என்று எழுதத் தோன்றினால், ஹிஸ்டரி கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.